கரி காரில் ஓர் உல்லாசப் பயணம்

மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில், ஜப்பான்காரனுக்கு எப்படிக் குனிய வேண்டும் என்று அக்கம்பக்கத்தாருக்கு வகுப்பு எடுத்த ஒரே மனிதர் மாணிக்கவாசகம். யாரும் கேட்டு அவர் எடுக்கவில்லை. கழுத்திலிருந்து குனிந்தால் அது கோழி தீனி பொறுக்குவது. இடுப்பிலிருந்து மடங்க வேண்டும், உள்ளங்கை தொடையை ஒட்டியே வழுக்கி முழங்காலுக்கு வர வேண்டும், கண் தரையில் இருக்க வேண்டும், நிமிர்வதில் அவசரம் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் இதே மனிதர் டை முடிச்சுப் போடுவதற்கு வகுப்பு எடுத்தார். அரசாங்கம்தான் மாறியிருந்தது, வாத்தியார் அதே வாத்தியார்தான்.

ஒரு சர்க்கார் இலாகாவில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவருக்குக் கீழே ஒரு சின்னக் கிராணியும் ஒரு பியூனும் இருந்தார்கள் என்பதால் அந்தப் 'பெரிய'. பியூன் மலேரியாவில் படுத்த பிறகும் பதவியின் கனம் குறையவில்லை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம், பிரச்சார இலாகாவின் கேப்டன் தச்சிகாவாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. மலாயாவில் ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடக்கிறார்கள் என்று எதிரி ரேடியோவில் சொல்கிறானாம். அது பொய் என்று காட்ட, ஒரு குடும்பம் காரில் ஏறி, ஏரி, மலை என்று உல்லாசமாகச் சுற்றுவதைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போட வேண்டும். அதற்குக் கால் வீங்காத குடும்பம் ஒன்று தேவைப்பட்டது. தேடியதில் மாணிக்கவாசகம் அகப்பட்டார்.

அன்று சாயங்காலமே செய்தி தெரு முழுக்கப் பரவியது, அவரேதான் பரப்பினார். பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியில் தமிழ் புரியாதவர்கள் வீட்டு வாசலிலும் நின்று மலாயில் சொல்லிவிட்டு வந்தார். பிறகு பெட்டியைத் திறந்து, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கம்பளிக் கோட்டை எடுத்து உதறினார். மலாக்கா வெயிலில் அந்தக் கோட்டைப் போடுவதும் அடுப்பில் உட்காருவதும் ஒன்றுதான். ஆனால் படத்தில் வியர்வை நாறாது.

அவர் மனைவி கமலவேணி செய்தியைக் கேட்டுக்கொண்டே கிழங்கு நறுக்கினாள். சற்று நேரத்தில் அவள் மனசில் ஒரு எண்ணம் தலைதூக்கியது. 

அவளுக்குத் தியாகு என்று ஒரு தம்பி. குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். சண்டைக்கு முந்திய வருஷம் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது முன்வரிசையில் நின்றானாம். அதைக் கேள்விப்பட்ட மாணிக்கவாசகம், துரைமார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கலங்கி, மச்சான் பேரைக்கூட வீட்டில் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார். தோட்டத்துச் சம்பந்தம் கௌரவக் குறைவு என்று அதற்கு முன்பே ஒதுங்கியிருந்தவர்தான்; கல்யாணத்தன்று அவனை அரைக்கால் சட்டையில் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு அவன் முகத்தை அவர் கண்டதில்லை.

சில நாளைக்கு முன்னால் அந்தத் தியாகுவைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள். ஏற்றியவன் நல்லையா. கமலவேணி கல்யாணமாகிப் போன பிறகு அந்தத் தோட்டத்துக்குக் கங்காணியாக வந்து, சட்டென்று ஜப்பான் பாஷை பேசக் கற்று, ஆள் பிடிக்கும் வேலையில் மொழிபெயர்ப்பாளனாக உயர்ந்தவன். லாரி வளைவில் மெதுவாகத் திரும்பியபோது தியாகு குதித்துவிட்டான். அன்றிலிருந்து, இலாகா கார் ஓட்டும் தாவூத் வீட்டில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தான். தாவூத்தின் சொந்தத் தம்பி அதே பாதைக்குப் போனவன். போனதோடு சரி, ஒரு தகவல் இல்லை. அதனால் கமலவேணி கேட்டபோது அவர் யோசிக்கவில்லை. ஆனால் கோழிக்கூண்டு எத்தனை நாளைக்கு ஆளை மறைக்கும்?

அசஹானுக்கு அப்பால், லேடாங் மலைச்சரிவில், கமலவேணியின் தகப்பனாரோடு வேலை பார்த்த மருதமுத்து காட்டைத் திருத்திக் கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் தியாகு பிழைத்துக்கொள்வான். ஊரைவிட்டுப் போகிற பாலத்தில் காவல். இந்த ஊரிலிருந்து அந்த மலைக்குக் காவலைத் தாண்டிப் போகிற ஒரே வண்டி, பெரிய கிராணியின் உல்லாசப் பயணம்தான்.

பெட்ரோல் ராணுவத்துக்கு மட்டும் என்பதால் இலாகா கார் கரியில் ஓடியது. காரின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி எரித்தால் வருகிற புகைதான் எஞ்சினுக்குச் சாப்பாடு. அதைக் கிளறவும் கொட்டவும் பின்னாலேயே ஓர் ஆள் தொற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு மைல் போவதற்குள் அவன் முகம் சட்டியின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிடும். பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. வழக்கமாக வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று தாவூத் சொன்னார். வேறு ஆள் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். மாணிக்கவாசகம் கேட்டதெல்லாம் அவன் சத்தம் போட்டு மூக்குச் சிந்துகிறவனா என்பதுதான்.

புறப்படுகிற அன்று காலையில் கார் வந்து நின்றது. உருளைக்குப் பக்கத்தில் கரிக்கோணியோடு கோணியாக ஓர் உருவம். அதன் கண்கள் ஒரு விநாடி கமலவேணியைப் பார்த்து, உடனே கீழே போயின. மாணிக்கவாசகம் கோட்டு, டை சகிதம் இறங்கி வந்து, அந்த உருவத்தின் மீது படாமல் சுற்றிக்கொண்டு போய் முன்சீட்டில் அமர்ந்தார். கமலவேணியும் மகள் கோகிலாவும் பின்சீட்டில். கோகிலாவுக்கு ஒன்பது வயசு. கேமராவைப் பார்த்து எப்படிச் சிரிக்க வேண்டும் என்று அப்பா முந்தின நாள் முழுக்கப் பழக்கியதில் பிள்ளைக்குத் தாடை வலித்தது.

ஊர் எல்லைப் பாலத்தில் காவல் நிறுத்தியது. எல்லோரும் இறங்கிக் குனிந்தார்கள். மாணிக்கவாசகம் குனிந்தது பாடப்புத்தகத்தில் படமாகப் போடலாம் போல இருந்தது. துப்பாக்கிக்காரன் அதைப் பார்த்து, "யோரோஷி" என்றான். நல்லது என்று அர்த்தம். பெரிய கிராணியின் காது மடல் சிவந்தது. பிறகு துப்பாக்கிக்காரன் பின்னால் போனான். தியாகு கழுத்தை மட்டும் ஆட்டினான். கோழி பொறுக்கியது. பளாரென்று ஓர் அறை விழுந்தது. கரி துப்பாக்கிக்காரன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதைக் கோணியில் துடைத்துவிட்டு, ஓட்டுகிறவன் ஒன்று, கரிக்காரன் ஒன்று, ஐயா, அம்மா, பிள்ளை என்று விரலை மடக்கி எண்ணி அனுப்பினான். திரும்பி வரும்போதும் அத்தனை விரல் மடங்க வேண்டும் என்று சைகையால் காட்டினான்.

அதைக் கமலவேணி யோசித்திருக்கவில்லை. தம்பியைக் கொண்டுபோய் விடுவது வரைக்கும்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஒரு விரல் குறைந்தால், ஓடிப்போனவன் எவன் என்று தேடுவார்கள். மலையைச் சல்லடை போடுவார்கள்.  கோகிலாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்சீட்டில் மாணிக்கவாசகம், குனிவதில்கூட ஒரு நாகரிகம் இல்லாத இந்த ஜாதி ஆட்களால்தான் நமக்குக் கெட்ட பேர் என்று தாவூத்திடம் விளக்கிக்கொண்டிருந்தார். தாவூத், "ஆமாங்கையா" என்பதை இருமல் மாதிரி சொன்னார்.

ஆயர் கெரோ ஏரிக்கரையில் கேப்டனின் பெட்ரோல் கார் காத்திருந்தது. அதிலிருந்து கேமராவோடு கேப்டன் இறங்கினார். கூடவே, வெள்ளைக் கால்சட்டையில், மொழிபெயர்க்க வந்திருந்த நல்லையா இறங்கினான்.

கமலவேணி கோகிலாவை இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள். பின்னால் கரி கிளறும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

கேப்டன் ஒரு மாதிரியான கலைஞர். மாணிக்கவாசகத்தை ஏரியைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஏரியைக் கை நீட்டிக் காட்டச் சொன்னார். பிறகு கமலவேணி அவர் விரலைப் பார்க்க வேண்டும் என்றார். காற்றில்லாமல் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. அழகான இடம்தான். அதைப் பார்க்க அவர்களில் யாருக்கும் கண் இல்லை. நாலைந்து தடவை நிற்க வைத்துப் பார்த்தும் கேப்டனுக்குத் திருப்தி வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் தியாகு பட்டான். ஏதோ வேகமாகச் சொன்னார்.

நல்லையா பல்லைக் காட்டினான். "கிராணியாரே, கேப்டன் சொல்றாரு, உத்தியோகஸ்தனும் உழைக்கிறவனும் தோளோட தோள் நிக்கணுமாம். புது ஆசியாவாம். அந்தக் கரிப்பயலை ஏரியில மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உங்க பக்கத்துல நிக்கச் சொல்லுங்க."

தியாகு கரண்டியைக் கீழே வைத்தான். மெதுவாகத் தண்ணீரை நோக்கி நடந்தான். அவ்வளவு மெதுவாக யாரும் நடக்க முடியாது. ஆனால் ஏரி பக்கத்திலேயே இருந்தது. கால் இடறியதுபோல ஏரியில் விழுந்துவிடலாமா என்று கமலவேணி நினைத்தாள். விழுந்தால் தூக்க வருகிற முதல் ஆள் தம்பியாகத்தான் இருப்பான். அவன் முகத்துக் கரி அதில் சுத்தமாகவே கழுவிப்போகும். வேறு என்ன இருக்கிறது கையில்? பக்கத்தில் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த மனிதர் ஒருவர்தான். பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதரை எந்த விசை தட்டினால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அவர் காதோரம் சொன்னாள்: "படம் டோக்கியோ வரைக்கும் போகுமாமே. பக்கத்துல நிக்கிறவனை உங்க கூடப் பொறந்த தம்பின்னுதான் நெனைப்பாங்க. கோட்டு மட்டும்தான வித்தியாசம்."

மாணிக்கவாசகத்தின் தோள் நிமிர்ந்தது. கேப்டனைப் பார்த்து ஓர் அடி முன்னால் வைத்தார். அதுவரை எந்த ஜப்பான்காரன் முன்னாலும் அவர் வைத்திராத அடி. நல்லையாவிடம், வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்க்கும்படி கேட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். தாம் துரை காலத்திலிருந்தே உத்தியோகத்தில் இருப்பவர். தமக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். கேப்டனுக்குப் பக்கத்தில் அவருடைய சமையல்காரன் நின்று படம் எடுத்துக்கொள்வானா? அப்படியே தாமும். தம்மை வேண்டுமானால் படத்திலிருந்து நீக்கிவிடலாம். ஆனால் கரி தள்ளுகிறவனோடு தோள் உரச முடியாது.

நல்லையா இதை எவ்வளவு தூரம் மொழிபெயர்த்தானோ. கேப்டனின் முகம் சுவர் மாதிரி இருந்தது. இடுப்பில் வாள் தொங்கியது. கோகிலாகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். தியாகு கரையில் குந்தி, ஒரு கையைத் தண்ணீரில் விட்டு எடுத்து, ஒரு கன்னத்தில் வைத்தும் விட்டான். கரியில் ஒரு கோடு விழுந்தது. அதற்குள் சொந்த நிறம் தெரிந்தது.

கேப்டன் தலையை ஆட்டினார். அவரவர் இடம் அவரவருக்கு, ராணுவத்திலும் அப்படித்தான் என்றாராம். கரிக்காரனைக் கையால் விரட்டினார்.

தியாகு எழுந்து திரும்பியபோது நல்லையா அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "டேய், நில்லு. நீ எந்தத் தோட்டம்?"

"நெருப்பு அணையுது, என்னடா வேடிக்கை?" என்று தாவூத் காருக்குப் பின்னாலிருந்து கத்தினார். "அணைஞ்சா மறுபடி மூட்ட மத்தியானமாயிரும். கேப்டனுக்கு நீயா பதில் சொல்லுவ?" தியாகு ஓடினான். ஓடுகிற ஓட்டத்திலேயே கரிக்கையால் கன்னத்தைத் துடைத்தான், கோடு மறைந்தது. கேப்டன் நல்லையாவைக் கூப்பிட்டார். அவன் போக வேண்டியதாயிற்று.

ஏரியிலிருந்து ஜாசின் வழியாக அசஹான் வரைக்கும் பெரிய கிராணி தம்முடைய வீரத்தைத் தாமே மூன்று விதமாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார். மேடு வந்த இடத்திலெல்லாம் கார் மூச்சுவாங்கி நின்றது. மூன்று தடவை நின்றது. உல்லாசப் பயணிகள் மூன்று தடவையும் இறங்கித் தள்ளினார்கள். மாணிக்கவாசகம் பக்கவாட்டில் நடந்தபடி எப்படித் தள்ள வேண்டும் என்று சொன்னார்.

லேடாங் மலை, மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றது. அடிவாரத்தில், ஓடைக்கரையில், முன்னாலேயே வந்துவிட்ட கேப்டன் பாய் விரித்து, வெள்ளை அரிசிச் சோறும் பொரித்த கோழியும் எடுத்து வைத்தார். படம் எடுத்து முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றான் நல்லையா. வெள்ளைச் சோற்றைப் பார்த்துப் பல மாசம் ஆகியிருந்த கோகிலா, சாப்பிடுவதுபோலக் கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், சிரித்து, மறுபடி தட்டில் வைத்தாள். படம் முடிந்ததும் கேப்டனும் நல்லையாவும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கேப்டன் பிள்ளைக்கு ஒரு கோழிக்கால் கொடுத்தார். அதற்காக மாணிக்கவாசகம் ஒரு தடவை குனிந்தார்.

நல்லையா எலும்பைக் கடித்துக்கொண்டே, தன் லாரியிலிருந்து குருபோங் பக்கத்துப் பயல் ஒருவன் குதித்து ஓடிய கதையைச் சொன்னான். "அகப்பட்டா காலை ஒடிச்சுத்தான் சயாமுக்கு ஏத்துவேன்." மாணிக்கவாசகம், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று ஆமோதித்தார். பின்னால் கரியைக் கிளறிக்கொண்டிருந்தவன் கிளறுவதை நிறுத்தவில்லை. கமலவேணி ஓடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருவழியாகக் கேப்டனின் கார் கிளம்பி, வளைவில் மறைந்தது. பெட்ரோல் வாசனை போகும்வரை அவள் அசையவில்லை. பிறகு இடுப்பில் செருகியிருந்த, பழந்துணியில் முடிந்த உப்பை எடுத்துக்கொண்டு உருளைக்குப் பின்னால் போனாள். ஊரில் உப்பு கிடைப்பதே அபூர்வம். தியாகு வாங்கிக்கொண்டு, "அக்கா" என்றான்.  வெறும் கோணியைத் தோளில் போட்டு, நெருப்பு மூட்ட விறகு பொறுக்கப் போகிறவன்போல மலைப்பாதையில் ஏறி மறைந்தான்.

நேரம் போயிற்று. அந்தக் கழுதை எங்கே என்று மாணிக்கவாசகம் கேட்க ஆரம்பித்தார். ஒரு பயலுக்கும் பொறுப்பு கிடையாது என்றார். போய் இழுத்து வரும்படி தாவூத்தை ஏவினார். தாவூத் கமலவேணியைப் பார்த்தார். இனிச் சொல்லாமல் முடியாது.

"அவன் வர மாட்டான்ங்க," என்றாள். "அவன் தியாகு."

மாணிக்கவாசகத்துக்கு யார் என்று விளங்கவே கொஞ்சம் நேரம் ஆனது. விளங்கியதும் முதலில் அவர் சொன்னது, "என் உத்தியோகம்" என்ற இரண்டே வார்த்தை. பிறகு உட்கார இடம் தேடினார். அவள் அழவில்லை, கும்பிடவும் இல்லை. பாலத்தில் விரலை மடக்கி எண்ணுவான், கரிக்காரன் இல்லை என்றால் தேடுவான், தேடினால் மலையில் தம்பி, ஊரில் நாம், தாவூத் அண்ணன், எல்லோரும் ஒரே லாரியில் என்று மட்டும் சொன்னாள்.

"கேப்டன் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிரலாம்," என்றார் மாணிக்கவாசகம். 

"கரிக்காரனையா?" என்றார் தாவூத். "அந்தக் காருல கரிக்காரனை எவன் ஏத்துவான்? நம்புவானுங்களா? பெரிய கிராணின்னா ஏத்திக்குவாரு. பக்கத்துலயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. அதை எவனும் நம்புவான்."

அது உண்மை என்று மாணிக்கவாசகத்துக்கே பட்டது. கேப்டன் தம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார் என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. அந்த எண்ணத்தின் சுகத்தில் ஒரு கணம் இருந்துவிட்டு, அப்படியானால் காருக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார்.  எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக டையை அவிழ்த்தார்.

கோட்டையும் சட்டையையும் சப்பாத்தையும் கரிக்கோணிக்கு அடியில் ஒளித்தார்கள். கமலவேணி உருளையின் அடியில் கையை விட்டுக் கரிப்பொடியை எடுத்து அவர் நெற்றியில் தொடங்கினாள். கன்னம், மூக்கு, மோவாய். அவர் முகத்தை இவ்வளவு நேரம் அவள் தொட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார், முகம் கழுவிவிடப்படும் பிள்ளை மாதிரி.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "பாலத்துல நல்லாக் குனியாதீங்க. காலையில யோரோஷின்னானே, அதே ஆளா இருந்தா அந்தக் குனிவை மறந்திருக்க மாட்டான். தம்பி மாதிரி குனியணும்."

கரிக்குள் அவர் கண் திறந்தது. "கோழி மாதிரியா?"

"கோழி மாதிரி."

அதுவரை எதற்கும் மறுப்புச் சொல்லாதவர், அப்போதுதான் வேதனையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வழியெல்லாம் கமலவேணி கோகிலாவுக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: பாலத்தில் அப்பாவை அப்பா என்று கூப்பிடக்கூடாது, பின்னால் பார்க்கவே கூடாது. பிள்ளை தலையை ஆட்டிற்று. பின்னால் கரண்டி உருளையில் இடிக்கும் சத்தமும், இருமலும், தமிழிலும் இங்கிலீஷிலும் முனகலும் கேட்டன. சாயங்கால வெயில் சாலையில் நீளமாக விழத் தொடங்கியபோது பாலம் வந்தது.

அதே துப்பாக்கிக்காரன்தான்.

இறங்கினார்கள். குனிந்தார்கள். ஐயா எங்கே என்று கேட்டான். தாவூத் கேப்டன் பேரைச் சொல்லி, அவர் காரில் என்று கையைக் காட்டினார். அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. அந்தக் கார் இந்தப் பாலத்தின் மேல்தான் போயிருக்கும்; உள்ளே யார் என்று எட்டிப் பார்த்திருப்பானா? விரலை மடக்க ஆரம்பித்தான். ஒரு விரலை மடக்காமல் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

கமலவேணி திரும்பக்கூடாது என்று நினைத்தாள், திரும்பினாள். மாணிக்கவாசகத்தின் இடுப்பு தன்னால் மடங்கத் தொடங்கியிருந்தது. உள்ளங்கைகள் தொடையை ஒட்டி, அழகாக, வழுக்கி இறங்கின. பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் உதட்டைக் கடித்தாள். பாதி வழியில் கைகள் நின்றன.  பிறகு பெரிய கிராணி மாணிக்கவாசகம் இடுப்பை நிமிர்த்தி, கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி, ஒரு தடவை கொத்தினார்.

பளார்.

ஆனால் துப்பாக்கிக்காரன் அன்று நல்ல மனசில் இருந்தான். இவனுக்குக் கற்றுக்கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரே நின்று, இடுப்பிலிருந்து மடங்கி, கையைத் தொடையோடு இறக்கிக் காட்டினான். செய் என்றான். காஜா பெராங் முழுவதற்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பாடத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி கொத்தினார். இரண்டாவது அறை முதலாவதைவிடப் பலமாக விழுந்தது.

கோகிலா அழுதுவிட்டாள். வாய் 'அ' என்று திறந்தது. கமலவேணி அவள் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினாள். ஏன் அழுகிறது என்று துப்பாக்கிக்காரன் திரும்பிக் கேட்டான்.

"லாப்பார்," என்றார் தாவூத். பசி.

அந்த வருஷத்தில் அந்தச் சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை. துப்பாக்கிக்காரன் கடைசி விரலை மடக்கினான். கையை அசைத்துப் போகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் மாணிக்கவாசகம் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்தார். முகம் கழுவவில்லை. கமலவேணி செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள்.  விடிந்ததும் இலாகாவில் போய்ச் சொல்லிவிடுவாரோ? வீட்டைவிட்டுப் போ என்பாரோ? எது சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றாள்.

"திரும்பி வர்றப்ப காரு எங்கயாச்சும் நின்னுச்சா?" என்றார்.

"இல்லீங்க."

"போறப்ப?"

"மூணு தடவை."

"உன் தம்பிக்குக் கரி போடத் தெரியலை," என்றார் மாணிக்கவாசகம். "மேடு வர்றதுக்கு முந்தியே கொட்டணும். அந்த மேட்டுல நான் எப்பக் கொட்டினேன், கவனிச்சியா?"

கவனித்ததாகச் சொன்னாள். செம்பை அவரிடம் நீட்டினாள்.

வீங்கிய கன்னத்துக்கு, மலையில் தேனீ கொட்டிற்று என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது. கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கதையும் சொல்லப்பட்டது. இரண்டொரு வாரத்தில் அவரே அதை நம்ப ஆரம்பித்தார். பத்திரிகையில் படம் வந்தது. ஏரியைக் காட்டி நீட்டிய கை அவர் முகத்தையே மறைத்திருந்தது. கோட்டு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது, அசஹான் பக்கம் போய்வந்த தாவூத் ஒருநாள் ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு முடிந்து கொடுத்த அதே துணி. உள்ளே ஒரு கைப்பிடி காட்டு மிளகாய். கமலவேணி அதை மறைக்க நினைத்து, பிறகு மறைக்காமல் சாப்பாட்டுப் பலகையின் மேல் வைத்தாள்.

மாணிக்கவாசகம் அதைப் பார்த்துவிட்டுக் கிழங்கைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். உள்ளே போய்க் கம்பளிக் கோட்டை எடுத்து வந்து தாவூத்திடம் நீட்டினார்.

"இது இனி எனக்கு ஆகாது. எவ்வளவு துவைச்சும் கரி நாத்தம் போகலை," என்றார். "மலையில குளிருதாம்ல. யாருக்காச்சும் குடுத்துரு."